ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை

சங்கரன்கோவிலில் சம்சுதீன் பாய் வீட்டு மாடி அறையில் மூன்று பேர் தங்கி வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் பட்டதாரிகள். அதனால் அவர்களை முட்டாள்கள் என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

மூத்தவன் சுடலைமுத்து. ஐந்து வருடமாகப் பரீட்சை எழுதுகிறான். கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் பகுதி வந்தால்தான் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது அழுத்திவைப்பான். ஒவ்வொரு தப்புக்கும் கால் மார்க் கழியும். இப்படிக் கால் காலாகக் கழிந்தே ஐந்து வருடம் போய்விட்டது.

இந்த வருடம் அவனுக்கு வயது வரம்பின் கடைசி வருடம். இதிலும் தோற்றால் அக்கா புருஷன் சீனிப்பாண்டியின் கோழிப்பண்ணைக்குப் போயாக வேண்டும். புளியங்குடிப் பக்கம், ஆறாயிரம் கோழி. சுடலைமுத்துவுக்கோ கோழி என்றால் குலைநடுக்கம். பாம்பு வந்தால் வாலைப் பிடித்து வேலிக்கு அப்பால் எறிவான். கோழி வந்தால் தெருவை மாற்றிப் போவான். அது தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பிடிக்கவில்லை.

"மாப்ள, பண்ணைல உனக்குன்னு ஒரு கட்டில் போட்டுட்டேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்துலயே, காத்தோட்டமா இருக்கும்" என்று சீனிப்பாண்டி வாரம் தவறாமல் போன் செய்வார். அவர் நல்ல மனிதர். அன்பாகத்தான் சொல்வார். சுடலைமுத்து அன்று முழுக்கச் சாப்பிட மாட்டான்.

இந்த நிலையில்தான் பழைய புத்தகக் கடையில் இரண்டாமவன் ஆவுடையப்பன் ஒரு இங்கிலீஷ் வார்த்தைப் புத்தகத்தைக் கண்டெடுத்தான். அதன் முதல் பக்கத்தில், முன்பு வைத்திருந்த யாரோ பால்பாயிண்ட் பேனாவால் நான்கு கட்டளைகள் எழுதியிருந்தார்கள்: தினம் ஒரு வார்த்தை. வரிசை மாறக் கூடாது. படித்த வார்த்தையை அன்றைக்கே வாழ்க்கையில் நிஜமாகப் பயன்படுத்து. தெரியாததைத் தொடாதே.

"எழுதுனவன் பாஸாயிருப்பானாலே?" என்று கேட்டான் சுடலைமுத்து.

மூன்றாமவன் கோயில்பிச்சை எதையும் ஆழமாக யோசிக்கிறவன். அவன் கண்ணை மூடித் திறந்து சொன்னான். "பாஸாகாதவன் புத்தகத்தை விப்பானா? நாம எதையாவது வித்திருக்கமா?"

அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதல் பக்கத்துக்கு மஞ்சள் தடவி, மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தார்கள்.

முதல் வார்த்தை 'அபாண்டன்'. கைவிடுவது என்று போட்டிருந்தது.

"எதைக் கைவிட?" என்றான் ஆவுடையப்பன்.

"பொய்யா ஒரு வாக்கியம் எழுதிட்டாப் போச்சு. 'அவன் நாயைக் கைவிட்டான்'னு" என்றான் சுடலைமுத்து.

"நிஜமான்னு எழுதியிருக்குல்லா? கைவிட்டாத்தான் கைவிட்டேன்னு சொல்ல முடியும்" என்றான் கோயில்பிச்சை. "உன் சைக்கிளை எடு, ஆவுடையப்பா."

சைக்கிளை பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். பத்து எட்டு வைப்பதற்குள் டீக்கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்து, "தம்பி, சைக்கிளை மறந்துட்டீங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். காய்கறி மார்க்கெட்டில் விட்டார்கள். ஒரு அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தாள். ரயில் நிலையத்திலும் அதே கதை. அந்த ஊரில் இத்தனை நல்லவர்கள் இருப்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. மூவருக்கும் எரிச்சலாக வந்தது. கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் விட்டார்கள். அதற்குப் பக்கத்தில் போக யாருக்கும் துணிச்சல் இல்லை, ஆவுடையப்பன் உட்பட. சைக்கிள் இன்றும் அங்கேதான் நிற்கிறது.

சில நாள் கழித்து 'அபாலஜைஸ்' வந்தது. மன்னிப்புக் கேட்பது. இதில் ஒரு சிக்கல்.

"மன்னிப்புக் கேக்கணும்னா மொதல்ல தப்புப் பண்ணணுமே" என்றான் சுடலைமுத்து.

"தப்புப் பண்ணிட்டு மன்னிப்புக் கேக்குறது மரியாதையா இருக்காது. நான் அப்படி வளரல" என்றான் கோயில்பிச்சை. "மொதல்ல கேட்டுருவோம்."

கீழே இறங்கிப் போனார்கள். பாய் அப்போதுதான் குளித்து, சலவை வேட்டி கட்டி, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கோயில்பிச்சை கைகூப்பி, "ஐ அபாலஜைஸ், பாய்" என்றான்.

"எதுக்குப்பா?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, வாசல் தெளிக்கப் பக்கத்து வீட்டில் சாணி கரைத்துவைத்திருந்த வாளியை எடுத்து, அவர் தலை வழியாக ஊற்றினான்.

பாய் குனிந்து சலவை வேட்டியை ஒருமுறை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படிப்பு படிப்புன்னு புள்ளைகளுக்கு மூளை சூடாயிருச்சு" என்று வருத்தப்பட்டு, மறுபடி குளிக்கப் போனார். அப்படிப்பட்ட பொறுமைசாலி.

அந்தப் பொறுமைதான் 'எவிக்ட்' வந்த அன்று பெரிய இடைஞ்சலாகப் போனது. எவிக்ட் என்றால் குடியிருப்பவரை வீட்டை விட்டு வெளியேற்றுவது. மூவருக்கும் சொந்த வீடு இல்லை, ஆகவே வெளியேற்ற ஆளும் இல்லை. மற்றவர் கையால் வெளியேற்றப்பட்டால்தான் உண்டு.

"பாய், எங்களைக் கொஞ்சம் வீட்டை விட்டு வெரட்டணும்" என்று சுடலைமுத்து பணிவாகக் கேட்டான்.

"ஏன்ப்பா, என்ன குறை? தண்ணி சரியா வருதுல்லா?"

"எல்லாம் வருது பாய். நீங்க வெரட்டினாத்தான் நான் பாஸாவேன்."

"நல்ல புள்ளைகளா இருக்கீங்க. உங்களைப் போயி எப்படி வெரட்ட?" என்று சொல்லி பாய் உள்ளே திரும்பி, மூன்று டீ போடச் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு மறுபடி கெஞ்சினார்கள். பத்து மணிக்கு ஆரம்பித்த கெஞ்சல் மதியம் வரைக்கும் நீண்டது. ஆவுடையப்பன் பாயின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்போதுதான் பாய்க்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது.

"போங்கப்பா வெளியே! மூணு பேரும் போங்க!"

மூவரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொல்லி, நோட்டில் தேதி போட்டு, படுக்கை தலையணையோடு தெருவில் போய் நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டினார்கள்.

"பாய், மாடில ரூம் காலியா இருக்குன்னு கேள்விப்பட்டோம்" என்றான் கோயில்பிச்சை.

இந்த அழகில் முதல்நிலைத் தேர்வு வந்தது. அப்போது புத்தகத்தில் ஈ எழுத்தில்தான் இருந்தார்கள். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பரீட்சை. முதல்முறையாகக் குத்துமதிப்பாக எதையும் அழுத்துவதில்லை என்று சுடலைமுத்து சத்தியம் செய்திருந்தான். தெரியாததைத் தொடாதே என்றுதானே கட்டளை. திரையில் 'அபாண்டன்' வந்தபோது போலீஸ் ஸ்டேஷன் வாசல் கண்முன் தெரிந்தது. 'எவிக்ட்' வந்தபோது பாயின் குரலே கேட்டது. செய்துபார்த்த வார்த்தைகளுக்கு மட்டும் விடை போட்டான். எஃப் எழுத்தில் ஆரம்பிப்பதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஆறாயிரம் கோழிகள் தலையைச் சாய்த்து நின்றன.

ஆவுடையப்பனும் அதே கட்டளையைத்தான் கடைப்பிடித்தான். அவனுக்கு முன்னால் இருந்த மவுஸ் இதுவரை அவன் பார்க்காத மாடல். தெரியாததைத் தொடக் கூடாதே என்று கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தான். கோயில்பிச்சையின் திரையில், 'குறிப்புகளைக் கவனமாகப் படிக்கவும்' என்று முதல் பக்கத்தில் இருந்தது. அவன் கவனமாகப் படித்தான். மணி அடிக்கும்வரை படித்தான். அந்தக் குறிப்புகளை அவ்வளவு கவனமாகப் படித்தவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முடிவு வந்தபோது சுடலைமுத்து மட்டும் தேறியிருந்தான். ஐந்து வருடமாகக் கழிந்துகொண்டிருந்த கால் மார்க்குகள் இந்தத் தடவை ஒன்றுகூடக் கழியவில்லை.

"புத்தகத்தோட சக்தியைப் பாத்தியாலே!" என்று ஆவுடையப்பன் தரையில் விழுந்து அதைக் கும்பிட்டான்.

அதற்குப் பிறகு கட்டளைகளை மீறுவது பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை. 'இனாகரேட்' வந்த அன்று பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் புதிதாகப் போட்ட வேகத்தடையின் குறுக்கே ரிப்பன் கட்டி, இரண்டு பக்கமும் பஸ்ஸை நிறுத்தி, சுடலைமுத்துவின் கையால் திறந்துவைத்தார்கள். கண்டக்டர் ஒருவர் கைதட்டினார். பின்னால் இருந்த டிரைவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்த வாரமே முதன்மைத் தேர்வு. அதிலும் தேறினான்.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் வங்கியிலிருந்து பணி நியமன உத்தரவு வந்தது. பத்து நாளில் பக்கத்து ஊர்க் கிளையில் கிளார்க்காகச் சேர வேண்டும். சுடலைமுத்து அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அக்கா ஒரு கிலோ அல்வாவோடு வந்து அவளும் அழுதாள். சீனிப்பாண்டி மட்டும் கொஞ்சம் ஏமாந்துபோய், "கட்டிலைப் பிரிச்சிரவா மாப்ள?" என்று கேட்டார்.

"பிரிச்சிருங்க அத்தான்! இப்பவே பிரிச்சிருங்க!" என்றான் சுடலைமுத்து. அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் குரலில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

வேலையில் சேரும் நாள் விடிந்தது. புதுச் சட்டை, புது செருப்பு, நெற்றியில் திருநீறு. வழியனுப்ப வந்த இருவரோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது வழக்கம்போல் ஆவுடையப்பன் புத்தகத்தைத் திறந்து அன்றைய வார்த்தையை வாசித்தான்.

'ரிசைன்.'

சுடலைமுத்து எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டி மறுபடி வாசித்தான்.

"வேலையை ராஜினாமா பண்ணுததுல்லா அது?" என்றான் சுடலைமுத்து மெல்ல.

"அதான்" என்றான் ஆவுடையப்பன். அவன் கண் கலங்கியிருந்தது. "ஆர் எழுத்து ஆரம்பிச்சதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல மக்கா. நம்ம மூணு பேர்ல ஒருத்தனுக்கும் வேலை கெடையாது. ரிசைன் வந்தா என்ன பண்ணுவோம்னு கலங்கிப் போயிருந்தேன். சரியா இன்னைக்குன்னு பாத்து உனக்கு வேலை கெடைச்சிருக்கு. கடவுள் இருக்காரு."

"இதை மட்டும் விட்டுருவோம்லே" என்று சுடலைமுத்து கெஞ்சினான். "ஒரே ஒரு வார்த்தை."

கோயில்பிச்சை அவன் தோளில் கை வைத்தான். "உனக்கு வேலை வாங்கிக் குடுத்தது யாரு? இந்தப் புத்தகம். வேலை கெடைச்ச அன்னைக்கே அதை மிதிக்கப் போறியா? நன்றின்னு ஒண்ணு வேண்டாமா?"

நன்றி என்ற சொல் சுடலைமுத்துவைச் சாய்த்துவிட்டது. அவன் அடிப்படையில் நல்ல மனிதன். புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

கிளையில் அவனுக்கு நல்ல வரவேற்பு. காசாளர் எழுந்து கை கொடுத்தார், மேலாளர் ரேணுகாதேவி கேசரி வாங்கிவரச் சொன்னார். பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தனக்கென்று தந்த நாற்காலியில் உட்கார்ந்து அதன் கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்தான். அது சுழலும் நாற்காலி. ஒரு சுற்றுச் சுற்றினான். பத்து மணி இருபது நிமிடத்துக்கு மேலாளர் அறைக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினான்.

ரேணுகாதேவி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"என்ன சுடலைமுத்து, யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"இல்ல மேடம். எல்லாரும் தங்கமான ஆளுங்க."

"வேற நல்ல வேலை கிடைச்சிருக்கா?"

"கோழிப்பண்ணை இருக்கு மேடம்" என்றான் சுடலைமுத்து. அதற்கு மேல் தாங்கவில்லை. புத்தகம், நான்கு கட்டளை, கடைசி வருடம், கோழி எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லி முடித்தான்.

மேலாளர் இருபத்தெட்டு வருட சர்வீஸில் எத்தனையோ பார்த்தவர். கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கனிவாகச் சொன்னார். "இந்தக் கடிதத்துல ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. இப்படி எழுதுற ஒரு ஆளுக்காக இந்தக் கிளை ரொம்ப நாளா காத்திட்டிருக்கு. நான் இன்னும் மேலிடத்துக்கு அனுப்பலை. உங்க வார்த்தையும் முடிஞ்சது, சரிதானே? இப்பவே வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்."

சுடலைமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வாபஸ் வாங்கலாமா மேடம்? அதுக்கும் வார்த்தை இருக்குதே! ரிட்ராக்ட்! அதுவும் ஆர்தான்!" என்று பரபரவென்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினான். விரல் வரிவரியாக இறங்கியது. பாதியில் நின்றது.

"என்னாச்சு?" என்றார் மேலாளர்.

சுடலைமுத்து புத்தகத்தை மூடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னான்.

"நாளான்னைக்குக் கண்டிப்பா வாபஸ் வாங்கிக்கிடுதேன் மேடம். நாளைக்கு நான் ரிடையர் ஆவணும்."