சொடக்குப் போடும் காடு

கரிசல் மண்ணில் ஒரு மக்காச்சோளக் காடு இருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் மக்காச்சோளம்தான். அதன் வரப்புகளில் வளை தோண்டி வெள்ளெலிகள் வாழ்ந்தன. உதிர்ந்த சோளத்தைத் தவிர வேறு எதையும் அவை தின்றதில்லை. வயிறு எப்போதும் நிறைந்தே இருந்தது.

ஆனாலும் அந்த எலிகளுக்கு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. முதலில் நாக்கு கறுத்தது. பிறகு முடி கொட்டியது. அதற்கும் பிறகு, அதுவரை நடமாடிக்கொண்டிருந்த எலி திடீரென்று வளையை விட்டு வெளியே வந்து ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. அப்படிச் சுற்றிய எலியை மறுநாள் யாரும் பார்த்ததில்லை. மண்ணில் வட்டத் தடம் மட்டும் கிடக்கும்.

ஓடைக்கு அந்தப் பக்கம், யாரும் அறுக்காமல் விட்ட இன்னொரு காடு இருந்தது. உச்சிவெயிலில் அங்கிருந்து சொடக்குப் போடுவது போலச் சத்தம் வரும். காற்று அசையாத நேரத்திலும் வரும். அங்கே ஒரு பேய் இருக்கிறது, ஒவ்வொரு சொடக்குக்கும் ஒரு எலியின் புத்தியைப் பிடுங்கிக்கொள்கிறது என்று ஒரு கிழட்டுச் சாரைப்பாம்பு சொல்லி வந்தது. அது ஓடைக்கரைக் கள்ளிப் புதரில் குடியிருந்தது. வயதான பிறகு தவளையைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்றும் சொல்லும். எலிகள் தள்ளி நின்றுதான் அதன் பேச்சைக் கேட்டன. சத்தம் தங்கள் காதிலும் விழுந்ததால் நம்பிவிட்டன.

சாம்பி என்ற வெள்ளெலிக்கு ஒரு தங்கை. பெயர் சில்லி. சில்லி குட்டி போட்டிருந்தது. சாம்பி பார்க்கப் போனது. குட்டிகள் கிடந்த இடம் காலியாக இருந்தது. உள்ளே, தானியம் சேர்க்கும் அறையில், சில்லி சோளத்தை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது.

"குட்டிகள் எங்கே?"

"அடுக்கி வைத்திருக்கிறேன், அக்கா. மழைக்காலத்துக்கு ஆகும்."

சாம்பி சோளத்தை விலக்கிப் பார்த்தது. மணிகளுக்கு நடுவே, கண் திறக்காத குட்டிகள் வரிசையாகப் புதைந்திருந்தன. உயிர் இருந்தது. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

சாம்பி அவற்றைத் தன் வளைக்குக் கொண்டுபோனது. கடைசிக் குட்டியைக் கீழே விடும்போது தன் பல் அதன் தோலில் சற்று அழுந்தியிருப்பதை உணர்ந்தது. எப்போது அழுத்தியது என்று அதற்கே தெரியவில்லை. குட்டிகளைப் பக்கத்து வளைக்காரியிடம் விட்டுவிட்டு, பேயிடமே போய்த் தங்கையின் புத்தியைத் திருப்பிக் கேட்பது என்று கிளம்பியது.

கள்ளிப் புதரருகே பாம்பு தலையைத் தூக்கியது.

"போகாதே, மகளே. போனவர்கள் யாரும் திரும்பியதில்லை."

"யார் யார் போனார்கள், ஐயா?"

பாம்பு ஒரு பெயரும் சொல்லவில்லை. சாம்பி கீழே பார்த்தது. கள்ளியைச் சுற்றி எலி முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. தவளைக்கு முடி கிடையாது. சாம்பி ஒரே தாவலில் ஓடையைக் கடந்து ஓடியது.

அந்தக் காட்டில் யாருமில்லை. காய்ந்த செடிகள் அசையாமல் நின்றன. திடீரென்று காதருகே ஒரு சொடக்கு. நெற்றியில் ஏதோ சுளீரென்று பட்டது. புத்தி போகப்போகிறது என்று சாம்பி கண்ணை மூடிக்கொண்டது. ஒன்றும் போகவில்லை. கண் திறந்தபோது காலடியில் ஒரு பச்சை மணி கிடந்தது. மேலே, கறுத்த நெற்று ஒன்று வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்திருந்தது. அது பாசிப்பயறு. அந்தக் காட்டின் பேய் அவ்வளவுதான்.

சாம்பி பசியாறத் தின்றது. தின்னத் தின்னத் தலை தெளிவது போல இருந்தது. பிறகு வாய் கொள்ளும் மட்டும் கவ்விக்கொண்டு சுற்றுவழியாகத் தங்கையிடம் வந்தது. அன்று முதல் தினமும் போய்க் கொண்டுவந்து ஊட்டியது. மெல்ல மெல்லச் சில்லியின் பார்வை தெளிந்தது. ஒரு காலையில் சாம்பி குட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்ததும் அது அவற்றை முகர்ந்தது, நக்கிக்கொடுத்தது. பிறகு தலை நிமிராமல் கேட்டது:

"நான் இவற்றை என்ன செய்யப் பார்த்தேன், அக்கா?"

சாம்பி இன்னும் ஒரு பயற்றை அதன் முன்னால் நகர்த்தி வைத்தது.

பேய்க்காட்டு மணியைத் தின்றால் பேயாகிவிடுவோம் என்று மற்ற எலிகள் பயந்தன. சாம்பி வாதாடவில்லை. சில்லியை வளை வாசலில் உட்கார்ந்து பால் கொடுக்கச் சொன்னது. எல்லா எலிகளும் பார்த்தன. நாக்கு கறுத்த ஒரு தாய் முதலில் வந்து பயறு கேட்டது. பிறகு ஊரே வந்தது.

கொண்டுவந்ததை எல்லாம் தின்றுவிடக் கூடாது, பாதியை வரப்போரம் புதைக்க வேண்டும் என்று சாம்பி கண்டிப்பாகச் சொன்னது. மழை பெய்ததும் மக்காச்சோளத்துக்கு நடுவே பயற்றஞ்செடிகள் தழைத்தன. பக்கத்துக் காட்டு எலிகளும் விதை கேட்டு வந்தன. பாதியைப் புதைக்க வேண்டும் என்ற அதே பேச்சோடு அவற்றுக்கும் கொடுத்தன. அந்த வட்டாரம் முழுவதும் பயறு காய்த்தது.

பாம்பு புதுப் பேய்களின் கதைகளைச் சொல்லிப் பார்த்தது. கேட்க ஆளில்லை. புத்தி தெளிந்த எலிகள் அதன் கண்ணை நேராகப் பார்த்துவிட்டு விலகிப் போயின. ஒட்டிய வயிற்றோடு அது ஓடை வழியே எங்கோ போய்விட்டது.

ஒரே தானியம் வயிற்றைத்தான் நிரப்பும், பயறும் சேர்ந்தால்தான் உடலும் புத்தியும் தேறும். நல்ல உணவைக் காட்டிப் பயமுறுத்துகிறவன் யாருடைய பசிக்காகப் பேசுகிறான் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.