ராஜாவின் முதல் மீன்

உட்காருங்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே உட்காருங்கள். இது சிரிக்க வைக்கும் கதை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் மட்டும் எழுந்து போகாதீர்கள்.

மலைக்கு ஒரு ராஜா, சமவெளிக்கு ஒரு ராஜா என்று ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நல்லேரி என்ற ஊரைச் செண்பகபூபதி என்பவர் ஆண்டார். ஊரை ஒட்டிக் கடல் மாதிரி ஒரு ஏரி. அந்த ஏரியால்தான் ஊருக்கே பெயர் வந்தது. வயலுக்குத் தண்ணீரும் அதிலிருந்துதான், வாய்க்கு மீனும் அதிலிருந்துதான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் நாள் குறிப்பார்கள். அன்றைக்கு ஊரே ஏரியில் இறங்கி மீன் பிடிக்கும். முதலில் கிடைக்கும் பெரிய விரால் ராஜாவுக்கு. அதைக் கரையிலேயே உரசிக் கழுவ வேண்டும், கரையிலேயே சமைக்க வேண்டும், ராஜா கரையிலேயே உட்கார்ந்து முதல் வாய் உண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வீட்டில் மீன் சட்டி அடுப்பேறும். ஏரி நன்றாக இருக்கிறது என்பதற்கு ராஜாவின் வாய்தான் சாட்சி. யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் அந்தக் காலத்து மனிதர்கள்.

செண்பகபூபதி நல்லவர். பொய் சொல்ல மாட்டார், யாரையும் அடிக்க மாட்டார். ஆனால் அவருக்கு ஓர் ஆசை வந்தது. மலை ராஜாவின் அரண்மனைக் கூரை செம்பு. தன் அரண்மனைக் கூரை பொன்னாக மின்ன வேண்டும் என்று நினைத்தார். வேறொன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆசைக்குத்தான் ஊர் பலியானது.

கூரைத் தகட்டுக்குப் பொன்முலாம் பூசுவது எப்படி என்று கேட்பீர்கள். பொன்னைப் பாதரசத்தோடு சேர்த்துக் கல்வத்தில் அரைத்தால் வெண்ணெய் போல ஆகும். அதைச் செப்புத் தகட்டில் தடவி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் புகையாய்ப் போய்விடும், பொன் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பொன் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். புகை எங்கே போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் பட்டறை எழுந்தது. முந்நூறு பேர் வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவன் மாறப்பன். தகடு பிடிப்பதில் அவன் கை அசையாத கை. அவன் மனைவி செவந்தி. ராஜாவின் முதல் மீனை உரசிக் கழுவிக் கொடுக்கும் உரிமை செவந்தியின் குடும்பத்துக்கு. அவள் அம்மா செய்தாள், அம்மாவுக்குப் பிறகு அவள் செய்தாள்.

முதல் வருஷம், பட்டறை ஆட்களின் கை நடுங்கத் தொடங்கியது. ஈறு கறுத்தது, பல் ஆடியது, தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. ஒரு நாள் மாறப்பன் கஞ்சிக் கலயத்தை வாய்க்குக் கொண்டுபோனான். பாதிக் கஞ்சி மார்பில் சிந்தியது.

“என்னங்க இது?” என்றாள் செவந்தி.

“ஒண்ணுமில்ல. கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது” என்றான் அவன்.

ஊரார் அரண்மனைக்குப் போனார்கள். வாசலில் பெரிய மந்திரி நின்றார். “புகைதானே? மூக்கில் பட்டுத்துணி கட்டிக்கொள்ளுங்கள்” என்று ஆளுக்கு ஒரு துணி கொடுத்தார். துணி நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் வருஷம், புகை தெருவுக்குள் இறங்கியது. கைக்குழந்தைகள் இருமின, முதியவர்கள் மூச்சுக்குத் தவித்தார்கள். ஊரார் மறுபடியும் போனார்கள். இந்த முறை பட்டறைத் தலைவர் வந்தார். “புகைபோக்கியை மூன்று பனை உயரத்துக்கு ஏற்றிவிடுகிறேன்” என்றார். ஏற்றினார். புகை தெருவை விட்டுப் போய் ஏரிக்கு மேல் படர்ந்தது. ஊரே அவருக்கு மாலை போட்டது. நானும் அங்கே இருந்திருந்தால் போட்டிருப்பேன், யாரைக் குறை சொல்ல?

மேலே போன புகை கீழே வராமல் இருக்குமா? மழையோடு இறங்கி ஏரியில் சேர்ந்தது. சேற்றில் படிந்தது. சேற்றைப் புழு தின்றது, புழுவைச் சின்ன மீன் தின்றது, சின்ன மீனை விரால் தின்றது. விராலை ஊர் தின்றது.

ஐந்தாம் வருஷம், மீன் தலை தின்ற பூனைகள் நடக்கத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு செத்தன. அதற்குப் பிறகு குழந்தைகள். செவந்தியின் மூத்த மகள் பட்டறை வருவதற்கு முன்னால் பிறந்தவள், ஓடியாடித் திரிந்தாள். அடுத்துப் பிறந்தவன் சின்னான். அவனுக்கு வயது இரண்டாகியும் தலை நிற்கவில்லை. தாயைப் பார்த்தால் தெரியாது, கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அந்தத் தெருவில் அப்படி ஒன்பது குழந்தைகள்.

ஊரார் மூன்றாம் முறை போனார்கள். அரண்மனை வைத்தியர் வந்து பார்த்தார். சின்னானின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு, “கண்ணேறு பட்டிருக்கிறது. தாயத்து கட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு நடந்தார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ராஜாவுக்கு இது எதுவும் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டாரா? அதுவும் இல்லை. கூரையில் எத்தனை தகடு ஏறியது என்று தினமும் கேட்டார். அதற்குப் பதில் தினமும் வந்தது. நல்லவராய் இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் கோடையில் மீன்பிடி நாள் வந்தது. அரண்மனைச் சமையல்காரர் ஒரு கூடையில் ராஜாவின் விராலைக் கொண்டுவந்து செவந்தியிடம் கொடுத்தார். அவள் அதைச் சாம்பல் தடவி உரசினாள். செவுளைத் திறந்தாள். கை அப்படியே நின்றது.

செவுளுக்குள் சிவப்பு மணல் இருந்தது.

நல்லேரியின் சேறு கருப்பு. சிவப்பு மணல் மலையாற்றில்தான் உண்டு. இந்த மீன் இந்த ஏரியில் பிறந்தது இல்லை.

செவந்தி மீனைக் கழுவிக் கொடுத்தாள். ராஜா கரையில் உட்கார்ந்து சந்தோஷமாக உண்டார். “நம் ஏரி மீனுக்கு ஈடு உண்டா” என்றார். ஊரார் தங்கள் மீனை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். செவந்தி தன் கூடை மீனை அன்றே குழி தோண்டிப் புதைத்தாள்.

யாரோ ஒருவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. தெரிந்து, ராஜாவின் இலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இந்த நினைப்பு ஒரு வருஷம் முழுவதும் அவள் தொண்டையில் முள்ளாய் நின்றது. பக்கத்து வீடுகளில் சொன்னாள். சிலர் நம்பினார்கள். பலர் நம்பவில்லை, நம்பினாலும் வேறு என்னத்தைத் தின்பார்கள்? மாறப்பன் கையால் இப்போது தகடும் பிடிக்க முடியவில்லை. வீட்டில் அரிசி குறைந்தது. பசி தாங்காத நாட்களில் அவளும் அந்த மீனைத்தான் தின்றாள். மறுகோடை வந்தபோது அவள் வயிற்றில் மூன்று மாதக் கரு.

மீன்பிடி நாளுக்கு முன்னால் ராஜா கொலுவில் உட்கார்ந்திருந்தபோது, செவந்தி சின்னானைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

“ஏரியில விஷம் இருக்கு மகாராசா” என்றாள்.

ராஜா திடுக்கிட்டுப் போனார். பொறுப்பில் இருந்த மூன்று பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

பெரிய மந்திரி, “ஒரு விஷமும் இல்லை, மகாராஜா. கூரை முடிய இன்னும் கால் பங்குதான் இருக்கிறது” என்றார்.

பட்டறைத் தலைவர், “ஒரு விஷமும் இல்லை, மகாராஜா. முந்நூறு குடும்பம் பட்டறையால் பிழைக்கிறது” என்றார்.

வைத்தியர் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரும், “ஒரு விஷமும் இல்லை, மகாராஜா” என்றார்.

செவந்தி அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. “அப்ப சரி, மகாராசா. பெரியவங்க சொன்னா சரிதான். ஒரே ஒண்ணு கேக்கறேன். இந்தத் தடவ உங்க மீன ஊர்சனம் பாக்க ஏரியில பிடிக்கணும். கூடையில வரக்கூடாது. என் கையால உரசி, கரையிலயே சமைச்சு, நீங்க உண்ணணும். பழைய வழக்கம் அதுதானே?”

“அதுதானே வழக்கம்? எப்போதும் அப்படித்தானே செய்கிறோம்?” என்றார் ராஜா.

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

நாள் வந்தது. கரை முழுக்க ஜனம். அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவைக் கவிழ்த்து ஒருவன் கைநீளத்துக்கு ஒரு விராலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். செவந்தி வாங்கினாள். செவுளைத் திறந்து எல்லோருக்கும் காட்டினாள். கருஞ்சேறு வடிந்தது. உரசினாள், கழுவினாள், துண்டம் போட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. ராஜாவுக்கு இலை போட்டார்கள்.

ராஜா ஒரு துண்டத்தை எடுத்தார். முள் நீக்கினார். வாய்க்குக் கொண்டுபோனார்.

வைத்தியர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம், மகாராஜா” என்றார். மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் கரை முழுக்கக் கேட்டது.

மந்திரி முகத்தை மூடிக்கொண்டார். பட்டறைத் தலைவர் கூட்டத்துக்குள் பின்வாங்கினார், கூட்டம் வழி விடவில்லை.

“ஏன் வேண்டாம்?” என்றார் ராஜா.

வைத்தியர் அவர் காலடியில் விழுந்தார். பாதரசம் மீனில் ஏறியிருக்கிறது என்று சந்தேகப்பட்டதையும், சின்னானைப் பார்த்த அன்றே அது உறுதியானதையும், அன்றிலிருந்து மற்ற இருவருக்கும் தெரிந்தே ராஜாவுக்கு மட்டும் மலையாற்று மீனை வரவழைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். வேலை நின்றால் மந்திரி கோபிப்பார் என்று பயந்தாராம்.

“எனக்கென்றால் விஷம், இவர்களுக்கென்றால் மட்டும் மீனா?” என்றார் ராஜா. பிறகு செவந்தியைப் பார்த்தார். “என்னைச் சாகடிக்கவா இதைக் கேட்டாய், அம்மா?”

“இல்ல சாமி. ஒரு வாய்க்கு யாரும் சாக மாட்டாங்க. அப்பவும் நீங்க வாயில வைக்கறதுக்குள்ள நானே தட்டிவிட்டிருப்பேன். யாரு தடுக்கறாங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்.” சின்னானின் தலை தோளிலிருந்து சரிந்தது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். “இத்தன வருஷமா நாங்க தின்னோம். எங்க கைய ஒருத்தரும் பிடிக்கலயே சாமி.”

ராஜா இலையை விட்டு எழுந்தார். பட்டறைக்கு நடந்தே போனார். தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி உலையை அணைத்தார். மூன்று பேரையும் நாடு கடத்தவில்லை. அந்த ஒன்பது குழந்தைகளுக்கும் காலம் முழுவதும் சோறூட்டி, குளிப்பாட்டி, தூக்கி நடக்க வேண்டும் என்று அவர்களை அந்தத் தெருவிலேயே குடிவைத்தார். முந்நூறு பேருக்கும் அரண்மனை நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்.

இதோடு எல்லாம் நன்றாக ஆகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உலையை அணைத்தால் உலைதான் அணையும். சேற்றில் படிந்தது ராஜாவின் ஆணையைக் கேட்டு எழுந்து போகுமா? மாறப்பன் கை கடைசிவரை நடுங்கியது. சின்னான் ஏழு வயதில் போய்விட்டான். செவந்தியின் வயிற்றில் இருந்தது பெண் குழந்தையாகப் பிறந்தது. நன்றாகச் சிரித்தது, நன்றாக நடந்தது. இடி இடித்தாலும் அதன் காதில் விழவில்லை.

அந்த ஏரியில் மூன்று தலைமுறைக்கு யாரும் மீன் பிடிக்கவில்லை. கூரையில் முக்கால் பங்கு பொன்னாகவும், கால் பங்கு களிம்பேறிய பச்சையாகவும் நின்றது. முடிக்கவும் ராஜா விடவில்லை, பிரிக்கவும் விடவில்லை.

ஒவ்வொரு கோடையிலும், அந்தப் பழைய நாளில், செண்பகபூபதி ஏரிக்கரைக்கு வருவார். இலை போடச் சொல்வார். வெறும் இலைக்கு முன்னால் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். எதிரே செவந்தி தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருவரும் பேசிக்கொண்டதில்லை.

கதை இவ்வளவுதான். இனி வீட்டுக்குப் போகலாம், ஆனால் இதை எடுத்துக்கொண்டு போங்கள்: தன் இலைக்கு ஆகாது என்று தெரிந்த நஞ்சைப் பிறர் இலையில் விழவிடுவதும், அது எங்கே விழுகிறது என்று கேட்காமல் இருப்பதும், எந்தப் பொன்னாலும் பூசி மறைக்க முடியாத குற்றம்.