இது எந்த ஊரு?

ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த வெயிலுமுத்துவுக்கு அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டி, மூட்டுவலியோடு ஓய்ந்தவர்.

தூத்துக்குடியில் ஒரு செல்போன் கடையின் மாடியில்தான் அவள் வித்தை சொல்லிக்கொடுத்தாள். கூரையில் கேமராவை மாட்டிக்கொண்டு கார்கள் ஊர் உலகமெல்லாம் சுற்றித் தெருக்களைப் படம்பிடித்து வைத்திருக்கின்றன அல்லவா? அதில் ஏதோ ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் காட்டும். பெயர்ப்பலகை கூட இல்லாத வெறும் சாலை. அது எந்த நாடு என்று சொல்ல வேண்டும். இதற்கும் போட்டிகள் உண்டு. ஜெசிந்தா அதில் பெயர் வாங்கியவள்.

"இது உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று முதல் நாளே கேட்டாள்.

"சும்மாதான் டீச்சர்."

சும்மா யாராவது மூட்டுவலியோடு இருபத்திரண்டு படி ஏறுவார்களா? அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

சாலையின் நடுக்கோடு மஞ்சளா வெள்ளையா, வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன, கரண்ட் கம்பம் மரமா கான்கிரீட்டா, வெயில் எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்று மனுஷன் நோட்டுப் போட்டுப் படித்தார். ஏழாவது மாதத்தில் ஒருநாள் பத்துக்குப் பத்து. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

"கானான்னு எப்படிச் சொன்னீங்க?"

"கீழ பாருங்க, படம் எடுத்த காரோட கூரைக் கம்பி தெரியுது. ஓரத்துல கறுப்பு டேப் சுத்தியிருக்கு. அது கானா கார்."

"கென்யா?"

"கார்ல ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"ரோட்டப் பாத்தீங்களா?"

"அதான் தெரிஞ்சிருச்சே டீச்சர், ரோட்ட எதுக்குப் பாக்கணும்?"

மறுநாள் அவள் திரையின் அடிப்பகுதியில் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டி வைத்தாள். கார் மறைந்தது. வெயிலுமுத்து பத்தில் ஒன்று கூடச் சரியாகச் சொல்லவில்லை.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. தோற்றதற்காக அல்ல. சட்டைப்பையில் இருந்த போனில் ஒரு படம் இருந்தது. அதற்காகத்தான் இத்தனை மாதமும் படியேறினார். அந்தப் படத்தில் காரே கிடையாது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வெட்கத்தை விட்டுப் போனை நீட்டினார்.

"இது எந்த நாடு டீச்சர்?"

செம்மண் ஓரத்தில் ஒரு தார்ச்சாலை, ஒரு கம்பம். அவள் ஒரு நிமிடம் பார்த்தாள்.

"படத்த வெட்டியிருக்கீங்க."

"இல்லையே."

"நிழல் விழுந்திருக்கு. ஆளக் காணோம்."

வெயிலுமுத்து போனை வாங்கி, வேறு எங்கோ பார்த்தபடி, முழுப் படத்தையும் திறந்து கொடுத்தார். ஒரு லாரியில் சாய்ந்து நின்றிருந்தான் அவர் மகன் இசக்கிராஜா. மூன்று வருடத்துக்கு முன்னால், எந்த நாடு என்று கூட அப்பாவிடம் சொல்லாமல் விமானம் ஏறியவன். இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று போனில் கத்தியவர் இவர்தான். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

படத்துக்குக் கீழே அவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: 'இது எந்த ஊரு? சொல்லுங்க பாப்போம்.'

"ஏன் இப்படிக் கேட்டிருக்காரு?"

"சின்னப்பிள்ளையில லீவு விட்டா எங்கூட லாரியிலதான் வருவான். தூங்கி முழிச்சதும் நான் கேப்பேன், இது எந்த ஊரு, சொல்லு பாப்போம்னு. மைல்கல்லப் பாப்பான், மண்ணு செவலா கரிசலான்னு பாப்பான்."

"படம் வந்து எவ்வளவு நாளாச்சு?"

"எட்டு மாசம்."

"என்ன பதில் போட்டீங்க?"

"விடை தெரியாம என்னத்தப் போட? சரியாச் சொல்லிட்டுத்தான் பேசணும். பெத்த பிள்ளைகிட்டப் போய்த் தோக்க முடியுமா?" அவர் குரல் இறங்கியது. "உங்களுக்குப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். சொல்லிருங்க டீச்சர்."

"தெரியும்" என்றாள் அவள். ஆனால் சொல்லவில்லை. போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தக் காலத்துல தம்பி தப்பாச் சொன்னா என்ன செய்வீங்க?"

வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் என்னைக்குச் சரியாச் சொன்னான்? கயத்தாறுல நின்னுக்கிட்டு மெட்ராஸும்பான். எனக்குச் சிரிச்சு மாளாது. வண்டிய ஓரங்கட்டி, டீயும் பன்னும் வாங்கிக் குடுத்து, ஏன் மெட்ராஸ் இல்லன்னு அடுத்த ஊரு வரைக்கும் பேசிக்கிட்டே போவோம்."

அவர் கண் போனில் இருந்த முகத்தின் மேல் நின்றது. பையன் இளைத்திருந்தான்.

"அப்ப தப்பாவே சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா.