அமீர் வாய் திறந்த நாள்

முன்னொரு காலத்தில் கடலோரம் இருந்த கல்ஹான் நாட்டை ஹுமாம் என்ற அமீர் ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும், உடனே சத்தியம் செய்வார், சீக்கிரமே அதை மீறியும் விடுவார். மீறினால் பரிகாரமாக ஓர் அடிமையை விடுதலை செய்வார். இப்படி விடுதலை பெற்றவர்கள் அந்த ஊரில் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை.

சபையில் சர்பத் ஊற்றும் அடிமை ரைஹான் அமீருக்கு யோசனையும் சொல்வான். மந்திரி ஸப்வானுக்கு அது பொறுக்கவில்லை. ரைஹானின் ஒரே மகள் ஜுமானாவைத் தூர தேசத்து ஆளுநருக்கு அன்பளிப்பாக அனுப்பலாம் என்று அமீர் காதில் போட்டுவைத்தான். அமீரும் தலையாட்டிவிட்டார். அவளை ஏற்றிச் செல்லும் கப்பல் அன்று மாலை கிளம்புவதாக இருந்தது.

ரைஹான் அழுதுகொண்டிருக்கவில்லை. சபை கூடியதும் முன்னால் வந்து நின்றான்.

“எஜமானே, நான் கேள்வி கேட்டால் உங்களால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.”

அமீருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “அல்லாஹ்வின் மேல் ஆணை. நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்வரை உன்னோடு பேசமாட்டேன். பேசினால் ஓர் அடிமைக்கு விடுதலை.”

ரைஹான் சபையைப் பார்த்தான். “நிக்காஹ்வுக்குச் சம்மதமா என்று கேட்டால் கன்னிப்பெண் பேசாமல் இருக்கிறாள். அதைச் சம்மதமாகத்தானே எடுத்துக்கொள்கிறோம்?”

“ஆமாம்” என்றது சபை. ஸப்வானும் சேர்ந்துதான் சொன்னான்.

“எஜமானே, மந்திரியின் தலைப்பாகையை எனக்குத் தருகிறீர்களா?”

அமீர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ரைஹான் தலைப்பாகையைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டான். சபை குலுங்கிச் சிரித்தது.

“உங்கள் கறுப்புக் குதிரையைத் தருகிறீர்களா?”

பதில் இல்லை. ரைஹான் ஜன்னல் வழியே லாயக்காரனைக் கூப்பிட்டான். “அண்ணே, அது இனி என் குதிரை. அவிழ்த்துக்கொண்டு வாருங்கள்.”

அமீர் தன் கையால் தீனி வைத்து வளர்த்த குதிரை அது. “அடேய் ரைஹான், அதைத் தொடாதே” என்று கத்திவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு நிறுத்த மனம் வருவதில்லை.

“தோற்றேன்” என்று அமீரும் சிரித்தார். யாருக்கு விடுதலை வேண்டும் என்று ரைஹான் சொல்வதற்குள் ஸப்வான் முந்திக்கொண்டான். “இவ்வளவு அறிவுள்ளவனை இனியும் அடிமையாக வைத்திருப்பது உங்களுக்கு அழகா, அமீரே?”

“நியாயம்தான். ரைஹான், உனக்கு விடுதலை.”

ரைஹான் அமீரின் காலடியில் விழுந்தான். “எனக்கு வேண்டாம், எஜமானே. என் மகளுக்குக் கொடுங்கள்.”

அமீரின் முகம் வாடியது. “விளையாட்டாகச் சொன்னாலும் விடுதலை விடுதலைதான். திரும்ப வாங்க முடியாது. அவளைத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன்.”

“போக விருப்பமா என்று அவளையாவது கேளுங்கள். இதுவரை யாருமே கேட்கவில்லை.”

ஜுமானாவை அழைத்துவந்தார்கள். அமீர் கேட்டார். எஜமானர்கள் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்டவள் அவள். தந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை.

ஸப்வான் ரைஹானிடமிருந்து தன் தலைப்பாகையை எடுத்து மாட்டிக்கொண்டான். “பேசவில்லை. அப்படியென்றால் சம்மதம். சற்று முன் ரைஹானே சொன்னதுதானே?”

யாரும் சிரிக்கவில்லை. மறுத்துப் பேசவும் ஆளில்லை. அமீர் ரைஹானுக்குப் பட்டு அங்கி போர்த்தச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாலையில் கப்பல் கிளம்பியது. ரைஹான் அந்த அங்கியோடு கரையில் நின்றான். அவன் இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்தக் கப்பலில் மட்டும் ஏற விடவில்லை.