ஊசிக்கரட்டுக்கு வந்த மண் நிபுணர்கள்

ஊசிக்கரடு மலைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. சுற்றிப் போனால் இருபத்திரண்டு கிலோமீட்டர். அந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் பஸ்ஸிலேயே பிறந்தவர்கள். நாலு பேருக்குக் கண்டக்டர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கடைசியில் மலையைக் குடைந்து வழி போட முடிவானது. மலை உயரமே தவிர, அடியில் ஒல்லி. பாதி குடைந்ததும் கூரையிலிருந்து மண் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. வேலையாட்கள் கடப்பாரை, மண்வெட்டியை உள்ளேயே போட்டுவிட்டு ஓடிப்போனார்கள். நிபுணர்களை வரவழைத்தார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் வெள்ளியங்கிரி ஒருமுறை கிணற்றுக்குள் விழுந்தவர். ஆகவே பூமிக்கு அடியில் அனுபவம் உண்டு. நஞ்சப்பனும் காரியப்பனும் அவரைக் கயிறு கட்டித் தூக்கியவர்கள். இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

கோயமுத்தூரிலிருந்து பொறியாளர் குமுதவல்லி போனில் சொன்னார்: "முதல்ல மண் மாதிரி எடுத்து அனுப்புங்க."

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மண்ணு வேணும்னா மண்ணுன்னே கேட்டிருப்பாங்க. மண்ணு மாதிரின்னுதானே கேக்கறாங்க?" என்றார் நஞ்சப்பன்.

"அப்படீன்னா மண்ணு மாதிரி இருக்கோணும், மண்ணா இருக்கப்படாது" என்று தீர்ப்புச் சொன்னார் வெள்ளியங்கிரி.

இரண்டு கிலோ ராகி மாவு போனது. பரிசோதனைக்கூடம் சிரத்தையாகப் பார்த்து எழுதியது: 'சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீரோடு சூடும் சேர்ந்தால் களியாகும்.'

களியாகிற மலையைக் குமுதவல்லி தன் சர்வீஸில் கண்டதில்லை. பதறிப்போய்க் கூப்பிட்டார். "ரொம்ப ஆபத்துங்க! கூரை விழாம பார்த்துக்குங்க."

பார்த்துக்கொண்டார்கள். பாய் விரித்து மல்லாந்து படுத்து, முறை போட்டுக் கண் கொட்டாமல் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வண்டி மண் அவர்கள் காலடியில் தொப்பென்று விழுந்தது.

"பார்த்துக்கச் சொன்னேனே!" என்று கத்தினார் குமுதவல்லி.

"பார்த்துட்டேதானுங்க இருந்தோம். விழுந்ததைக்கூட ஒண்ணு விடாமப் பார்த்தோம்" என்றார் வெள்ளியங்கிரி.

இருந்தாலும் விசாரணை நடந்தது. அந்த நேரத்தில் தும்மியதாகக் காரியப்பன் ஒப்புக்கொண்டு, மலையிடம் மன்னிப்புக் கேட்டார்.

"நாளைக்கு நானே வர்றேன்" என்றார் குமுதவல்லி. "அதுவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது. வாசலைக் கெட்டியா அடைச்சிருங்க. நான் சொல்லாம திறக்கவே கூடாது."

வெளியே நல்ல வெயில் என்று மூவரும் வாசலுக்கு உள்பக்கம் நிழலில் நின்றுதான் போன் பேசியிருந்தார்கள். நஞ்சப்பன் கேட்டார்: "ஏனுங்கண்ணா, உள்ள போகக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? நாமதான் ஏற்கெனவே உள்ள இருக்கமே?"

"அதானே! புதுசாப் போக வேண்டியதில்லையே" என்றார் வெள்ளியங்கிரி.

உள்ளே நின்றபடியே, கல்லும் மண்ணும் வைத்து வாசலைக் காற்றுப் புகாமல் அடைத்தார்கள். வேலை சுத்தம்.

அப்புறம்தான் இருட்டு தெரிந்தது. செல்போனில் சிக்னலும் இல்லை. காரியப்பன் அடைத்த கல்லைத் தடவிப் பார்த்தார். "அண்ணா, சாயங்காலம் வந்துருவேன்னு வூட்டுல சொல்லிப்போட்டு வந்தனே! வாசலைத் திறந்துரலாமுங்க."

"மேடம் பேச்சை மீறறதா?" என்று அதட்டினார் வெள்ளியங்கிரி. அவருக்கும் மூச்சு முட்டத்தான் செய்தது. "ஆனா அந்தப் பக்கத்தைப் பத்தி மேடம் ஒண்ணுமே சொல்லலியே?"

உயிர்பயம் வந்தால் முட்டாளுக்கும் பத்துக் கை. முன்னால் தோண்டினார்கள், தோண்டிய மண்ணைப் பின்னால் தள்ளினார்கள். போகப் போக, கூரை மண்ணும் சேர்ந்து உதிர்ந்து, பின்னால் தரையிலிருந்து கூரைவரை அடைத்துக்கொண்டே வந்தது.

மறுநாள் குமுதவல்லி வந்தபோது ஊரே வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தது. வாசலைத் தட்டினார்கள், கூப்பிட்டார்கள். பதில் இல்லை. இடிக்கக் கடப்பாரையைத் தூக்கியபோது குமுதவல்லியின் போன் அடித்தது.

"மேடம், வெள்ளியங்கிரி பேசறனுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறமுங்க."

குமுதவல்லிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "மூணு பேரும் உசுரோட இருக்கீங்களா? மலையைக் குடைஞ்சு முடிச்சிட்டீங்களா?"

"இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் முடிச்சாச்சுங்க. அந்தக் கூரைப் பிரச்சினையும் தீர்ந்துபோச்சு. இனி ஒரு பொடி மண்ணு கீழ விழாதுங்க."

"அதெப்படி?"

"விழறதுக்கு உள்ள இடமே இல்லைங்களே!"