மூன்று கீறல்

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. விஷக்கடிக்கு வேர் அரைத்துக் கொடுப்பதில் அதற்கு இணை கிடையாது. விரியன் கடித்துத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள், மறுநாள் அதன் வளையிலிருந்து தாமாகவே நடந்து போயிருக்கிறார்கள். காட்டில் எல்லோரும் அதை வைத்தியரம்மா என்று அழைத்தார்கள். அப்படி அழைக்காதவர்களுக்கு அது பதில் சொல்வதில்லை.

அக்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து ஏறும் துறையில் ஒரு மருதமரம் நின்றது. காட்டுக்குப் புதியவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பிறருக்கு உதவும் தொழில் எதுவானாலும், அதைச் செய்யும் விலங்குக்கு அந்த மரப்பட்டையில் ஒரு குறி உண்டு. குறியின் கீழே ஒரு கோடு. கோடு சாய்ந்த பக்கம் நடந்தால் குறிக்குரியவரின் இருப்பிடம் வந்துவிடும். முள்ளம்பன்றியின் குறி மூன்று கீறல்.

மருதமரம் ஆண்டுதோறும் சித்திரையில் பட்டை உரிக்கும். பட்டையோடு குறிகளும் உதிரும். குறிகளைப் பதிவு செய்யும் பொறுப்பு மரங்கொத்தியுடையது. பழைய உரிமையாளருக்கு அது பத்து நாள் அவகாசம் தரும். நேரில் வந்து, என் குறியை மறுபடி கொத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோராம் நாள் குறி காலாவதியாகிவிடும். அதன்பின் முதலில் கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கோடையில் அக்கரையிலிருந்து வந்த சருகுமான் ஒன்றை முள்ளம்பன்றி பிழைக்க வைத்தது. விடைபெறும்போது அந்தச் சருகுமான், தன் உறவினர்களுக்கு வழி எப்படிச் சொல்வது என்று கேட்டது.

"மூன்று கீறலைப் பார்த்து வரச் சொல். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்" என்றது முள்ளம்பன்றி.

அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. முள்ளம்பன்றி தன் வளையை விட்டு, அதே திசையில் இருநூறு அடி மேலே ஒரு பாறைக்கடியில் புது வளை தோண்டிக் குடியேறியது. மரங்கொத்தியிடம் அதைத் தெரிவிக்கவில்லை. திசை மாறவில்லையே, பிறகென்ன என்று இருந்துவிட்டது.

அடுத்த சித்திரையில் பட்டை உரிந்தது. மற்ற விலங்குகள் வரிசையில் நின்று தம் குறிகளைப் புதுப்பித்துக்கொண்டன. முள்ளம்பன்றி போகவில்லை. "பன்னிரண்டு ஆண்டாக மூன்று கீறல் என்றால் நான்தான். நான் போய் வரிசையில் நிற்பதா? மரங்கொத்தி தானாகவே கொத்திவிடும்" என்று பக்கத்து முயலிடம் சொன்னது.

மரங்கொத்தி தானாக எதையும் கொத்துவதில்லை. விதிப்படி ஆள்காட்டிக் குருவியை அனுப்பி எச்சரித்தது. ஆள்காட்டியும் விதிப்படி பதிவிலிருந்த பழைய வளையின் வாசலில் நின்று மூன்று முறை கத்தியது. உள்ளே யாரும் இல்லை. கத்தியாயிற்று என்று திரும்பிப் பறந்துவிட்டது. நோயாளிகள் வளை காலியாக இருந்தால் மேலே ஏறித் தேடுவார்கள். அறிவிப்புகள் தேடுவதில்லை.

பதினோராம் நாள் விடியலில் மரங்கொத்தி கண் விழித்தபோது, மரத்தடியில் மரநாய் ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு வைத்தியம் தெரியாது. வேறு எந்தத் தொழிலும் தெரியாது. காலாவதியான குறிகளை வளைத்துப் போடுவதுதான் அதன் வேலை. ஏற்கெனவே பத்துக் குறிகள் அதனிடம் இருந்தன. மூன்று கீறல் பதினொன்றாவது. கோடு இப்போது எதிர்ப்பக்கம், மரநாய் குடியிருந்த நாவல்மரத்தை நோக்கிச் சாய்ந்தது.

வைகாசி பிறந்தும் அக்கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

"விரியன்களெல்லாம் திருந்திவிட்டன போலிருக்கிறது" என்றது முள்ளம்பன்றி.

அந்த வழியாகப் பறந்த ஆள்காட்டிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நேராக நாவல்மரத்தடிக்குப் போனது.

மரநாய் மிகவும் மரியாதையாகப் பேசியது. "உங்கள் பெயரை நான் தொடவே இல்லை, வைத்தியரம்மா. மூன்று கீறலைத்தான் எடுத்தேன். கேட்பாரற்றுக் கிடந்தது."

"அது என்னுடையது."

"பத்து நாள் அப்படித்தான் இருந்தது. போகட்டும். உங்கள் பாறைக்குப் பின்னால் ஓர் அத்திமரம் இருக்கிறதே, அதை எனக்கு விட்டுக்கொடுங்கள். இன்றைக்கே குறியைத் தந்துவிடுகிறேன்."

முள்ளம்பன்றி அத்திப்பழம் தின்பதுகூட இல்லை. ஆனாலும் மறுத்தது. என் பொருளை எனக்கே விற்க நீ யார் என்று கேட்டுவிட்டு, மரங்கொத்தியிடம் போய்ச் சண்டை போட்டது. மரங்கொத்தி விதியைச் சொன்னது. பிறகு, சற்று இரக்கப்பட்டு, ஒரு யோசனையும் சொன்னது. மரத்தில் இடம் இருக்கிறது, ஒரு வட்டமும் ஒரு கீறலும் இப்போதே கொத்தித் தருகிறேன், பழைய குறியை நம்பி வருபவர்களுக்கு ஆள்காட்டி துறையிலேயே நின்று கத்திச் சொல்லட்டும் என்றது. ஆள்காட்டியும் சம்மதித்தது. அதற்குக் கத்த ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

"திருட்டுக்குப் பயந்து நான் குறியை மாற்றிக்கொள்வதா? நியாயம் என் பக்கம் இருக்கிறது. எனக்கு என் மூன்று கீறல்தான் வேண்டும்" என்றது முள்ளம்பன்றி.

நியாயம் அதன் பக்கம் இருந்தது உண்மைதான். அதுதான் தொல்லையாகப் போயிற்று.

வழக்கு உடும்பிடம் போனது. காட்டின் மறுகோடியில், ஒரு வெயில் பாறைமேல் உடும்பு வழக்குகளைக் கேட்கும். அவசரப்படாது. முதல் வாரம் முள்ளம்பன்றியின் பேச்சைக் கேட்டது. இரண்டாம் வாரம் மரநாயின் பேச்சைக் கேட்டது. இருவரும் தினமும் ஆஜராக வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. முள்ளம்பன்றி காலையில் வளையைச் சாத்திவிட்டுப் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்பும். மரநாய் உடும்பின் பாறைக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டதால் நாவல்மரத்திலும் யாரும் இல்லை.

மூன்றாம் வாரம் உடும்பு மூன்று கேள்விகள் கேட்டது. இந்தக் குறியைப் பார்த்தால் காட்டார் யாரை நினைக்கிறார்கள்? முள்ளம்பன்றியை என்று முப்பது விலங்குகள் சாட்சி சொல்லின. மரநாய்க்கு இந்தக் குறியில் சொந்தமாக ஏதாவது உரிமை உண்டா? மரநாய் திரும்பி நின்று தன் முதுகைக் காட்டியது. கழுத்திலிருந்து வால்வரை மூன்று கறுப்புக் கோடுகள் ஓடின.

"பிறவியிலேயே எனக்கு மூன்று கோடுகள், ஐயா. மூன்று கீறல் இவருக்குப் பொருந்துவதைவிட எனக்குத்தான் பொருந்தும்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். முள்ளம்பன்றி முதல்முறையாகப் பயந்தது.

உடும்பு கண்ணை மூடித் திறந்தது. "முதுகில் இருப்பது உன்னுடையதுதான். அப்படியானால், முதல் நாளே அதை ஓர் அத்திமரத்துக்கு ஏன் விலைபேசினாய்?"

மரநாய் முதுகை மறைத்துத் திரும்பி நின்றது.

இருபத்திரண்டாம் நாள் காலையில் தீர்ப்பு வந்தது. கெட்ட எண்ணத்தோடு எடுக்கப்பட்ட குறியை உரியவரிடம் சேர்க்க வேண்டும். முள்ளம்பன்றி வென்றது. வாழ்த்தியவர்களிடம் ஒவ்வொரு வாதத்தையும் மறுபடி சொல்லிக் காட்டியது. அதில் அந்தக் காலைப்பொழுது முழுவதும் போனது. பிறகு மருதமரத்துக்குப் போய், மரங்கொத்தி பழைய கோட்டைச் சுரண்டிப் புதிய கோட்டைக் கொத்துவதைக் கண்ணாரப் பார்த்தது. மரநாய் வெட்கப்படுவதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதால் நாவல்மரத்தை நோக்கி நடந்தது.

மரத்தடியில் மரநாய் இல்லை. ஒரு சருகுமான் படுத்திருந்தது. அதன் முன்கால்களுக்கு நடுவே ஒரு குட்டி கிடந்தது. குட்டியின் பின்கால் கறுத்து வீங்கியிருந்தது. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது.

முள்ளம்பன்றி கிட்டே போய் முகர்ந்தது. விரியன் கடி. குட்டிக்கு மூச்சு இல்லை, உடம்பில் மட்டும் இளஞ்சூடு இருந்தது. உயிர் போய் வெகுநேரம் ஆகவில்லை.

"நேற்று நண்பகலில் வந்தோம்" என்றது சருகுமான். அதன் குரலில் கோபம் இல்லை. "என் அக்கா போன ஆண்டு இங்கே வந்துதான் பிழைத்தாள். மூன்று கீறலைப் பார்த்துப் போ, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று சொல்லி அனுப்பினாள். அதைப் பார்த்துத்தான் வந்தேன். இங்கே யாருமே இல்லை. வைத்தியரம்மா வேர் பறிக்கப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று குட்டியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்."

முள்ளம்பன்றியின் வளையில் அந்த வேர் ஒரு கூடை நிறைய இருந்தது. அரைப்பதற்குக் கொஞ்ச நேரம் போதும். கல்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

சருகுமான் தலையைத் தூக்கிப் பார்த்தது. "நீங்களும் வைத்தியரம்மாவைத் தேடித்தான் வந்தீர்களா?"

முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"ஆமாம்" என்றது அது.

அந்த வாரமே அது மரங்கொத்தியிடம் போய்த் தன் புதிய இருப்பிடத்தைச் சொன்னது. மரநாய் இழந்தது ஒரே ஒரு குறியைத்தான். மற்றப் பத்தும் அதனிடம் பத்திரமாக இருந்தன.

அடுத்த சித்திரையில் பட்டை உரிவதற்கு முன்பே மருதமரத்தடியில் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, வைத்தியரம்மா" என்று கிண்டலாகக் கேட்டது ஆள்காட்டி.

முள்ளம்பன்றி அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மரப்பட்டையில் கொத்தினாலும் இணையத்தில் முகவரியாகப் பதிந்தாலும், பிறர் நம்பி வரும் பெயரைப் புதுப்பிக்காமல் விடுவது, அதைத் திருடுவதற்குச் சற்றும் குறையாத குற்றம்.