செம்பியின் அகலமான வாசல்

மலைக்காட்டில் செம்பி என்று ஓர் இருவாச்சிப் பறவை இருந்தாள். கல்யாணமாகி மூன்று கோடை போயும் அவளுக்கு ஒரு குஞ்சு இல்லை. முட்டையிட மரப்பொந்து கிடைத்தால்தானே! பக்கத்து மரத்துக் குஞ்சு கத்தினால், இவளுக்குத் தொண்டையில் அத்திப்பழம் இறங்காது.

நாலாவது கோடையில் அவள் புருஷன் பூவன் ஒரு பொந்தைக் கண்டுபிடித்துவிட்டான். செம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம குழந்தை பிறக்கப்போற வீடு! உள்ளே ஜொலிக்கணும்!" என்றாள்.

உள் அலங்காரம் செய்ய முதலில் வந்தவர் மரங்கொத்தி மருதன். வந்ததும் வராததுமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"எத்தனை நாள் உள்ளே இருப்பே தங்கச்சி? எந்தப் பக்கம் சாஞ்சு உட்காருவே? சாரல் எங்கேயிருந்து அடிக்கும்? குஞ்சு எத்தனை?"

"அடேயப்பா! வீட்டை அழகு பண்ண வந்தீங்களா, விசாரணை பண்ண வந்தீங்களா?" என்று செம்பி சிடுசிடுத்தாள். கடைசிக் கேள்வி அவளைச் சுருக்கென்று குத்தியிருந்தது. இல்லாத குஞ்சை எப்படி எண்ணிச் சொல்வது?

அடுத்து மயில் சிங்காரம் வந்தார். ஒரு கேள்வியும் இல்லை. தோகையை விரித்தார், அவ்வளவுதான்!

"எல்லாத்தையும் எங்கிட்ட விட்டுடுங்கம்மா! காடே வாயைப் பிளக்கும்!"

"மருதண்ணன் கேட்டது நியாயமாத்தானே இருந்துச்சு..." என்று பூவன் இழுத்தான்.

"நீ சும்மா இரு!" என்றாள் செம்பி.

சிங்காரம் பொந்தின் விளிம்பைக் கொத்தி வாசலை இரண்டு மடங்காக்கினார். உள்ளழகு வெளியே தெரிய வேண்டாமா! தரையெல்லாம் மயிலிறகு, சுவரெல்லாம் குன்றிமணி. பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தன. செம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

முட்டையிடும் நாள் வந்தது. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாய் பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வாள். சின்னச் சந்து வழியாகப் புருஷன் பழம் ஊட்டுவான். அடைக்காத பொந்தில் முட்டை இட்டால் மரநாய்க்குத்தான் விருந்து. அலங்காரப் பெருமையில் செம்பி இதை மறந்தே போயிருந்தாள்.

செம்பி பூசினாள். மண் விழுந்தது. மறுபடி பூசினாள். மறுபடியும் விழுந்தது. அத்தனை அகலத்தில் மண் எப்படி நிற்கும்?

"சிங்காரண்ணே, வாசலைச் சின்னதாக்கிக் கொடுங்க!" என்று கெஞ்சினாள்.

"வாசலை அடைக்கிறதா! அப்புறம் என் வேலையை யாரு பார்ப்பாங்க?" என்று மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அத்திப்பழக் காலம் முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷமும் முட்டை இல்லை. பக்கத்து மரத்தில் புதுக் குஞ்சு கத்தியது. செம்பி மயிலிறகுக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள்.

மழை விட்டதும் மருதனைத் தேடிப் போனாள். "தப்புப் பண்ணிட்டேன் அண்ணே!"

மருதன் திட்டவில்லை. குறுகிய வாயுள்ள வேறொரு பொந்தைக் காட்டி, அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். செம்பி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"குஞ்சு எத்தனை தங்கச்சி?"

"ஒண்ணு," என்றாள் செம்பி. "ஒண்ணு போதும் அண்ணே."

மருதன் அந்த ஒன்றுக்கும் இடம் விட்டு அளந்தார். கோடை வர இன்னும் எத்தனை நாள் என்று செம்பி எண்ண ஆரம்பித்தாள்.

வீட்டை அழகாக்க ஆள் தேடும்போது, தன் திறமையைக் காட்டுபவரை விட்டு, நாம் அதில் எப்படி வாழப்போகிறோம் என்று கேட்பவரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.